கல்லூரி வானொலியில் ஆட்ட இசைக்கு இடம் வேண்டும்

தமிழை இயல், இசை, நாடகம் என முத்தமிழாகப் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர்கள். நாடகம் என்னும் சொல் அன்று கூத்தையும் ஆடலையும் தன்னுள் அடக்கியே நின்றது. திணைக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணிய தொல்காப்பியமும், ஆய்ச்சியர் குரவைக்கு ஒரு காதையையே அளித்த சிலப்பதிகாரமும், ஆடலுக்குரிய இசையைத் தமிழர் வாழ்விலிருந்து பிரித்துக் காணவில்லை. இவற்றை நாம் வகுப்பறையில் பெருமிதத்தோடு கற்பிக்கின்றோம். எனினும், அவ்வகுப்பறைக்கு அடுத்த கட்டடத்தில் இயங்கும் வானொலி நிலையத்தில் பறையும் உறுமியும் ஒலிக்கக் கேட்பது அரிதாகவே இருக்கின்றது. இம்முரண்பாட்டைக் குறித்துச் சில கருத்துகளைக் கற்றோர் முன்வைக்க விழைகின்றோம்.

வான் அலைகள் பொதுமக்களின் உடைமை என 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாகக் கல்வி நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்னும் கொள்கையை நடுவண் அரசு 2002 டிசம்பரில் ஏற்றது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. இப்பெருமை தமிழ்நாட்டுக்கே உரியது. 2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள், நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும், வட்டார மொழிக்கும் வழக்குக்கும் முதலிடம் தரல் வேண்டும் என்றும் கூறின. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்கே எட்டும் சிறு நிலையத்திற்கு, அப்பத்துக் கிலோமீட்டருக்குள் வாழும் கலைஞரைவிட உரிமையுடைய விருந்தினர் வேறு யாவர்?

மக்கள் விரும்பும் இசையை ஒதுக்கிய வானொலி கற்ற பாடம் ஒன்றுண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராகப் பொறுப்பேற்ற பின்னர் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றிய பின்னரே நிலைமை மாறிற்று. அன்று வாயிலில் நிறுத்தப்பட்ட திரையிசை இன்று வீட்டுக்கு உரிமையாளனாகிவிட்டது. ஆனால், அன்றும் இன்றும் திண்ணையிலேயே நிற்பது நாட்டார் ஆட்ட இசைதான். குத்துப்பாட்டு என இளைஞர் கொண்டாடும் திரைப்பாடல்களின் தாளம் பெரிதும் தப்பிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். இரவல் வாங்கியவரின் குரலை நாள்தோறும் ஒலிபரப்பிவிட்டு, இரவல் கொடுத்தவரைக் கேளாதிருப்பது முறையன்று.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலைப் பகுதி வணிக நோக்கமற்ற ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கல்லூரி வானொலிகள் பல அங்கேதான் இயங்குகின்றன. 1980களில் அவற்றின் புகழ் கிதார் இசைக்குழுக்களை வளர்த்ததால் வந்தது. அதே காலத்தில் சிகாகோவில் 'ஹவுஸ்' இசையையும், டெட்ராய்ட்டில் 'டெக்னோ' இசையையும் கறுப்பின இளைஞர்கள் படைத்தனர். அந்த ஆடல் இசைக்கும் வானொலியில் இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கொடுத்த நிலையங்களும் இருந்தன. சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வானொலி அதற்கெனத் தனி நிகழ்ச்சியே நடத்தியது. வணிக வானொலி தயங்கும் இடத்தில் துணிவதற்கே கல்லூரி வானொலி இருக்கின்றது என்பது இதனால் தெளிவாகும்.

ஆட்ட இசை என்று நாம் கூறுவது எதனை? கரகாட்டத்திற்கு நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு ஆகியவை சேர்ந்த நையாண்டி மேளம், தேவராட்டத்திற்குத் தேவதுந்துபி, கும்மிக்குக் கைகளே கருவி. பறைக்கோ ஒரு கை சிண்டுக்குச்சியையும் மறுகை அடிக்குச்சியையும் ஏந்தும். நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பின்னரே ஆட்டம் தொடங்கும். அடி மாறினால் ஆடுவோரின் கால் மாறும். தர்கா வாயில்களில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடும் பாடல்களும், இலங்கைக் கிழக்குக் கரை முஸ்லிம்களின் பொல்லடியும் இவற்றுக்கு அயலில் வைத்து எண்ணத்தக்கனவாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டுப்புறவியல் தாளுக்காகக் களப்பணி செய்துவர மாணவர்களைப் பணித்தோம். ஒரு மாணவர் மட்டும் தம் ஊரில் பதிவுசெய்வதற்கு எதுவும் இல்லை என்றார். அவருடைய தந்தையார் பறையிசைக் கலைஞர் என்பது பின்னரே தெரியவந்தது. சாவுக்கு அடிக்கும் கருவி என்று உடன் பயில்வோர் இகழ்வார்களே என அவர் அஞ்சியிருக்கின்றார். ஒரு பிரிவினர்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட தொழிலின் இழிவு, கருவியின்மீதும் கலைஞன்மீதும் ஏறி நிற்கின்றது. தந்தையின் கலையை மறைத்தால்தான் கல்லூரியில் தலைநிமிர முடியும் என ஒரு மாணவர் எண்ணுவாராயின், அக்குறை அவருடையதன்று, நம்முடையது. 2024ஆம் ஆண்டில் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கும், 2025ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடு மதிக்கும் கலையைக் கல்லூரி மதிக்கத் தயங்கலாமா?

சமுதாயப் பெரியோர் சிலர், ஆட்டமும் கொட்டும் கல்வி நிலையத்தின் ஒழுங்குக்கு ஏற்றவையோ என ஐயுறலாம். அவர்களுடைய கவலையை நாம் மதிக்கின்றோம். கலை விழா என்னும் பெயரில் காதைத் துளைக்கும் ஒலிபெருக்கிக் கூச்சலை நாமும் விரும்பவில்லை. நாம் வேண்டுவது விளக்கத்தோடு கூடிய ஒலிபரப்பு. காண வேண்டிய கலையைக் கேட்பதால் என்ன பயன் என்று வினவுவோரும் உளர். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போதுதான் ஓர் அடவு மற்றோர் அடவாக மாறும் இடம் செவிக்குப் புலனாகும். பறையொலி பதிவில் சிதைகின்றது என்பாரும் உண்டு. சிறிய ஒலிப்பதிவு அறையில் கருவிக்கு அருகே ஒலிவாங்கியை வைத்தால் சிதையத்தான் செய்யும். திறந்த வெளியில், சற்றுத் தொலைவில் வைத்தால் ஒலி தெளிவாகவே பதியும்.

ஆகவே, நாம் வேண்டுவன இவை: நாள்தோறும் அரைமணி நேரமேனும் ஆட்ட இசைக்கென ஒதுக்குதல் வேண்டும், அதுவும் நள்ளிரவில் அன்று, மக்கள் கேட்கும் மாலையில். கலைஞரின் பெயர், ஊர், கருவி, அடி ஆகியவற்றை மாணவர்கள் அறிவித்து விளக்குதல் வேண்டும். கலைஞரின் இசைவை எழுத்தில் பெற்று, உரிய ஊதியமும் பதிவின் படியொன்றும் அவருக்கு வழங்குதல் வேண்டும். பாராட்டும் பொன்னாடையும் மட்டும் போதா. பதிவுகளைத் தமிழ்த்துறை முறையாகத் தொகுத்துப் பாதுகாத்தல் வேண்டும். முதிய கலைஞர் ஒருவர் மறையும்போது அவரோடு மறையும் அடிகளை எந்த நூலகத்திலிருந்தும் பின்னர் மீட்க இயலாது.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை, மனம் தேவை. தம் தந்தையின் பறையொலியைக் கல்லூரி வானொலியில் கேட்டு, "இவர் என் அத்தா", "இவர் என் அப்பா" என்று மாணவர்கள் தயக்கமின்றிச் சொல்லும் நாள் வருமாயின், அன்றுதான் நாம் கற்பித்த முத்தமிழ் முழுமை பெறும். அந்நாளை விரைவில் கொணர்வது ஆசிரியர், மாணவர், ஆட்சிக்குழுப் பெரியோர் அனைவரின் கடப்பாடாகும்.