ஏலக்காய் எந்த ஊர்ச் சரக்கு?

வெளிநாடு போனவர் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியுமா? பெட்டியைத் திறக்கும்போது வீடே சுற்றி உட்கார்ந்துவிடும். சோப்பு, சென்ட், மிட்டாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கம்பத்தில் அப்படி ஒரு பெட்டி திறந்ததைப் பார்த்தேன். துபாயில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வந்திருந்தார். தாயாருக்கென்று ஆசையாக ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே ஏலக்காய்!

தாயாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்த அம்மாள் இருபது வருடமாக மலைக்குப் போய் ஏலக்காய் எடுப்பவர்.

ஒரு காயை உடைத்து முகர்ந்தார். "ஏப்பா, இது நம்ம மலைக் காய் இல்லையே" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'குவாதமாலா' என்று எழுதியிருந்தது!

குவாதமாலா மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு. ஏலக்காயின் தாய்வீடோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன செடி நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. இன்று வெளிநாட்டுச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் அனுப்புவது அந்த நாடுதான். அரபு நாட்டார் காப்பியில் ஏலக்காய் போட்டுக் குடிப்பவர்கள். அதனால் அங்கே கடைக்குக் கடை ஏலக்காய் இருக்கும். நம்மவர்களும் அரபு நாட்டுச் சாமான் என்று வாங்கி வந்துவிடுகிறார்கள்.

பறித்த கை யாருடையது?

கம்பத்திலும் கூடலூரிலும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் புறப்படும். பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. நாள் முழுவதும் குனிந்தபடி, முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். மழை உண்டு, அட்டைக்கடி உண்டு. சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ சரக்கு. அது புத்தடிக்கும் போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்குப் போகும்.

தேக்கடி பார்க்க வருகிறவர்கள் குமுளியில் இதை 'கேரளச் சரக்கு' என்று வாங்கிப் போகிறார்கள். அது பொய் அல்ல. தோட்டம் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால், பறித்த கையைப் பற்றி அந்த அழகான பெட்டியில் ஒரு வரி உண்டா?

போன ஊரில் பொருள் வாங்குவது தப்பே இல்லை. அந்த ஊரில் விளைவதை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டிப் பக்கம் போனால், விளைந்த இடத்திலேயே வாங்கலாம். ஆனால் தேக்கடிக்குப் பறக்கும் கார்களில் எத்தனை அங்கே நிற்கின்றன?

பெட்டியின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். நானே ஒரு தடவை ஏமாந்தேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே, அன்று நான் வாங்கிய காயும் அநியாயப் பச்சை! வீட்டில் ஈரக்கையால் தொட்டேன். விரலெல்லாம் சாயம்! அதுமுதல், ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. காயையும் உடைத்துப் பார்க்க வேண்டும். விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் நல்ல காய். வெளுத்திருந்தால் பிஞ்சு.

துபாய் டப்பா என்ன ஆயிற்று என்கிறீர்களா? பிள்ளை வாங்கி வந்தது ஆயிற்றே! அந்த அம்மாள் அதிலேயே நாலு காயைத் தட்டிப்போட்டு எனக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "அடுத்த தடவை அந்த ஊரு பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாய்யா" என்றார்.