"திடீர்" என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வேன் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

"நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க சார், திடீர்னு கியர் பாக்ஸ் போயிருச்சு." நம் சேலம், நாமக்கல் பக்கம் பழைய ஆம்னி வைத்திருக்கும் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. அந்தத் "திடீர்" என்ற சொல்லைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கியர் பாக்ஸ் பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை. ஆயில் சீல் தேய்ந்து, நிறுத்திய இடத்தில் சொட்டுச் சொட்டாக விழும். பேரிங் ஊளையிடும். கியர் விழும்போது கரகரக்கும், மேட்டில் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். ஆக்சிலேட்டர் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது என்று பொருள். இத்தனை சொல்லிவிட்டுத்தான் அது நிற்கிறது. எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். ஆம்னியில் கியர் ஆயிலுக்கு விளக்கு கிடையாது. ஆள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

நாமக்கல் லாரிக்காரரைப் பாருங்கள். கியர் ஆயில், கிரவுன் ஆயில் பார்க்காமல் வடநாட்டு லோடுக்குக் கிளம்ப மாட்டார். அவருக்கு வண்டி சோறு. நமக்கோ புது சீட் கவருக்குக் காசு உண்டு, கியர் ஆயிலுக்கு "அடுத்த மாசம் பார்க்கலாம்". 8 பேர் வண்டியில் 12 பேரை ஏற்றிக் குலதெய்வம் கோயிலுக்குப் போவோம். நின்றால் "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்போம்.

சட்டம் காப்பாற்றுமா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, தயாரிப்புக் குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க அரசு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஆனால் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அது பொருந்தும். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு பதிவு தரும் அரசு, பாதியில் கைகழுவுவது என்ன நியாயம்? ஆம்னி உற்பத்தியே 2019-ல் நின்றுவிட்டது. ஆக, நம் வண்டிக்கு நாம்தான் காவல்.

"வித்துட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்று சிலர் எழுதுவீர்கள். எல்லோருக்கும் அந்த வசதி இல்லை, கண்ணுகளா. பழைய வண்டி வைத்திருப்பது குற்றமில்லை. அதன் பேச்சைக் கேட்காமல் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அதில் ஏற்றுவதுதான் குற்றம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20. இறங்கும்போது கியர் கழன்றால் எஞ்சினின் பிடி போய்விடும். மொத்த பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். அது சூடேறினால் அதுவும் பிடிக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் கறை இருந்தால் நேராகப் பட்டறைக்குப் போங்கள். மலைக்குப் பிறகு போகலாம்.