கரிசல் பூமியில் கண்வலிக்கிழங்கு

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலுள்ள இளையரசனேந்தல் முதலிய கரிசல் கிராமங்களில், கண்வலிக்கிழங்கை ஏக்கர் கணக்கில் நடலாமா என்று யோசிக்கும் மிராசுதார்கள், முதலில் வீட்டுத் தோட்டத்தில் பத்துக் கிழங்கு நட்டுப் பார்ப்பதே உசிதம்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு என்பனவும் இதன் பெயர்களே. இதன் விதையிலுள்ள கால்சிசின் என்னும் சத்து கீல்வாத மருந்துக்கு வேண்டியிருப்பதால் விதை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கால்சிகம் என்னும் கிழங்குச் செடியிலும் இச்சத்து உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இதனால் லாபம் கண்டது மெய்யே. ஆனால் அவர்களுடையது நீர் தங்காத செம்மண். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீரைப் பிடித்துக்கொள்ளும் கரிசலிலோ கிழங்கு அழுகிவிடும். பருத்திக்கு வரமான மண் இதற்குச் சத்துரு. வாங்குவோர் சிலரேயாதலால் விலையும் ஏறி இறங்குவது. அதை நம்பிக் கடன்படுதல் தகாது.

தோட்டத்திலாயின், செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டி, ஆனி, ஆடியில் நடலாம். கலப்பைபோல் கவைத்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது; அது முறிந்தால் அக்கிழங்கு வீணே. இலை நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு ஏறுமாகையால் முள்கிளுவைக் கொம்போ வேலியோ வேண்டும். பூவின் சூல்தண்டு மகரந்தத்தைவிட்டு ஒருபுறமாய் வளைந்து நிற்கும். எனவே விதை வேண்டுவோர் காலை வேளையில் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் கையால் தடவவேண்டும். இவ்வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கொடி காய்ந்தபின் நீர் பாய்ச்சாமல் கிழங்கை உறங்கவிடுக.

நடுகிழங்கு வாங்குவதில்தான் கிராம உத்தியோகஸ்தர்களின் கண் இருக்கவேண்டும். வேலிகளிலும் காடுகளிலும் தானே முளைத்தவற்றைத் தோண்டி விற்கும் வழக்கத்தால் இக்கொடி பல இடங்களில் அருகிவிட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரென்று மதிப்பதும், அதை வேரோடு பறிப்பதும் எப்படிப் பொருந்தும்? பயிரிடுவோரிடமே கிழங்கு பெற்று அவரவர் பெருக்கிக்கொள்வதே நியாயம்.

செடி முழுவதும் விஷம். கிழங்கில் அது மிகுதி. சர்க்கரைவள்ளியென எண்ணி உண்டு இறந்தவர்களும் உண்டு. ஆகையால் தோண்டிய கிழங்கை உணவுப்பண்டம் வைக்கும் அறையில் வையாமல், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும்.