எந்தத் தெருவில் இறக்கிவிடுவீர்கள்?

விடியற்காலையில் போடி பக்கம் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? ஒரு வண்டிக்குள் எத்தனை பேர் என்று எண்ணி முடிக்க முடியாது. மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, கண்ணில் பாதித் தூக்கம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், இருட்டுகிற நேரத்தில்தான் இறங்குவார்கள். எங்கள் பள்ளத்தாக்கின் சேரிகள் தினம் தினம் மலையேறித்தான் கஞ்சி குடிக்கின்றன.

அந்த ஜீப்பில் புதிதாக ஏறத் தொடங்கிய ஒரு அம்மா, 2024 முடிகிற சமயத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்தார். கணக்கை இந்தக் கிளைக்கு மாற்ற வேண்டும் என்றார். பேச்சில் திருநெல்வேலி. ஆதாரில் முகவரி நாலுமுக்கு எஸ்டேட், மாஞ்சோலை. இப்போதைய முகவரி என்ன என்று கேட்டேன். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கிறாராம். பிறகு அவராகவே சொன்னார்:

“மேல இருந்தப்ப எந்த லைன், எத்தனாம் நம்பருன்னுதான் தம்பி கேப்பாவ. கீழ வந்தா எந்தத் தெருன்னுல்லா கேக்காவ.”

இந்தத் தலையங்கம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

மாஞ்சோலையின் கதையை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருசக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனிக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. அட்டைக்கடியிலும் குளிரிலும் அதை உண்டாக்கியவர்கள் சமவெளியிலிருந்து கூட்டிப் போகப்பட்ட கூலிகள், பெரும்பாலோர் தலித்துகள். ஜமீன் ஒழிந்தது. குத்தகை ஒழியவில்லை. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடிக்குத் தப்ப வழியில்லாமல் தாமிரபரணிக்குள் விழுந்து 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

2018-ல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2028-ல் குத்தகை முடிகிறது. கம்பெனி அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டி 2024 ஜூனோடு வேலையை நிறுத்தியது. யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். அரசின் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. மறுவாழ்வுத் திட்டம் என்று அரசு சொன்னது வீடு, தொழிற்பயிற்சி, கடன் உதவி. வீட்டுக்கான இடம் என்று பேசப்பட்டதில் ஒன்று, மலையடிவாரத்து மணிமுத்தாறு பேரூராட்சி.

“அதான் வீடு குடுக்குறாங்கல்ல, இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு?” என்று என்னோடு வேலை செய்பவர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ‘உங்களுக்கு’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்ன வேண்டும் என்று சொல்கிறேன். முதலில், எது பறிபோகிறது என்று பார்ப்போம். லயத்தில் சாதி செத்துப்போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கங்காணிக்கும் சாதி உண்டு, கம்பெனிக்கும் கண் உண்டு. ஆனால் அங்கே வீடு கிடைத்தது தொழிலாளி என்ற கணக்கில். 1951-ஆம் வருசத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. அந்தச் சட்டத்தில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் ஒரு சென்ட் மண் சொந்தமில்லை. அதே கூலிக்காரனைக் கீழே இறக்கிச் சின்ன ஊரின் ஓரத்தில் ஒரு காலனி கட்டிக் கொடுத்தால், அவன் முகவரி ஒரே நாளில் அவன் சாதியாகிவிடுகிறது. டீக்கடையில், பள்ளிக்கூடத்தில், வேலை கேட்டுப் போகும் வயக்காட்டில் எல்லாம் அந்தக் காலனிப் பெயர் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அரசு கட்டுவது வீடு மட்டுமல்ல, புதிய சேரி.

பணம் கொடுத்திருக்கிறார்களே என்பார்கள். மொத்தமாக வந்த பணம் எப்படிப் போகிறது என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். முதல் மாதம் பழைய கடன். அடுத்து வாடகை அட்வான்ஸ். அப்புறம் மகள் கல்யாணம், மகன் காலேஜ். ஒரு வருசத்தில் அதே கை நகைக்கடன் வரிசையில் நிற்கும். நிலப் பத்திரத்தோடு வருகிறவனை உட்காரச் சொல்கிற உலகம் இது. கூலிக்காரன் நின்றுகொண்டேதான் பேச வேண்டும்.

இது முதல் தடவையும் அல்ல. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்து, தலைமன்னாரிலிருந்து கப்பலில் ஏற்றி, இராமேசுவரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் அட்டை கொடுத்து, முகம் தெரியாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களிலும் தலித்துகளே அதிகம். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த கைகளுக்கு வியாபாரக் கடன்! கடன் கரைந்தது. 1980-களில் அவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகக் கிடந்தது வெளியே வந்தது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடர் அது.

அப்படியானால் இடமாற்றமே கூடாது என்கிறோமா? இல்லை. இதைக் கவனமாகப் பேச வேண்டும். இடமாற்றம் கேட்டவரே பாபாசாகேப் அம்பேத்கர்தான். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டில், சாதி இந்துக்களின் கிராமங்களிலிருந்து விலகித் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. 1947-ல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் அதற்கென ஒரு குடியமர்த்தும் ஆணையத்தையும், அரசு வசமுள்ள சாகுபடியற்ற நிலத்தையும் கேட்டார். அவர் கேட்டது ஊரை விட்டு வெளியேறுவது, சொந்த நிலத்தோடு. அரசு தருவது ஊருக்குள் தள்ளிவிடுவது, நிலமில்லாமல். இரண்டுக்கும் பெயர் இடமாற்றம்தான். ஒன்று விடுதலை, மற்றது அப்புறப்படுத்தல்.

காடு காடாகட்டும், புலி வாழட்டும், தாமிரபரணிக்குத் தண்ணீர் வரட்டும். அதற்கு நாம் எதிரியல்ல. ஆனால் காட்டை வெட்டி லாபம் எடுத்தவன் கணக்கை முடித்துக்கொண்டு போகிறான். வெட்டச் சொன்னதால் வெட்டியவன் மட்டும் ஆக்கிரமிப்பாளனா?

நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டதற்காகத்தான் 1994-ல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலம் இல்லாமல் இல்லை. கொடுக்க மனமில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். இறக்கப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாகுபடி நிலம், பெண்கள் பெயரில் பட்டா. எந்த இடம், யார் பக்கத்தில் என்பதை அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும். நிலத்தைக் காட்டாமல் லயத்தின் கதவைப் பூட்டக்கூடாது.

நம் தலைக்கு மேலேயே மேகமலை இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அந்த மலையிலும் தேயிலை உண்டு, லயம் உண்டு, நம் மக்கள் உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். இந்த முறை முந்திக்கொள்வோம். மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு கிராமம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்தப் புல எண் பஞ்சமி, இப்போது யார் உழுகிறார்கள் என்று எழுதி நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து கிராமம் கிராமமாக வெளியிடுவோம்.

எந்தத் தெரு என்று கேட்கிறவர்களிடம், எந்தப் புல எண் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

– ஆசிரியர்