ஆண்பிள்ளையைப் பெற்றார் கவலை

பெண்ணைப் பெற்றவர் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கின்றனர் என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கும் பேச்சு. ஆண்பிள்ளையைப் பெற்றவரோ கவலையற்றவர் எனக் கருதப்பட்டனர். அவன் எங்கே போனாலும் ஆண்பிள்ளை. எந்நேரம் வந்தாலும் ஆண்பிள்ளை. இன்று அந்நிலை மாறிவிட்டது. மகனைப் பெற்றவரும் இரவிலே படலையைப் பார்த்தபடி விழித்திருக்கின்றனர்.

அவர்தம் மனத்துள்ளே ஒன்றல்ல, இரண்டு அச்சங்கள் குடியிருக்கின்றன. ஒன்று, மகன் தீநெறியிற் சென்றுவிடுவானோ என்பது. வாள்வெட்டுக் குழுக்களைப் பற்றியும், போதைப்பொருளைப் பற்றியும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றியும் பத்திரிகையில் வாசிக்கும் தாய், கைதான இளைஞரின் வயதைத் தன் மகனின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் துணுக்குறுகிறாள். மற்றையது, எங்கும் பெண்ணுரிமை பேசப்படும் இக்காலத்திலே, ஆணாய்ப் பிறந்த ஒரு காரணத்துக்காகவே மகன் ஐயத்துக்கு ஆளாவானோ, பொய்ப்பழி அவன்மீது விழுமோ என்பது. முதலாவது அச்சத்தை வெளியே சொல்லப் பெற்றோர் நாணுகின்றனர். இரண்டாவதை உரத்துச் சொல்கின்றனர். இரண்டையும் நிதானமாக ஆராய்தல் நன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015ஆம் ஆண்டில் இலங்கையிலே நடத்திய ஆய்வில், பஸ் வண்டிகளிலும் புகைவண்டிகளிலும் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகக் கூறிய பெண்கள் 100க்கு 90 பேர். பொலிசாரின் உதவியை நாடியோர் 100க்கு 4 பேர் மாத்திரமே. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய அளவீடோ, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணைவராலேயே உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர் என்று காட்டியது.

இவ்வெண்களை வாசித்துப் பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. ஆயின், 100க்கு 90 பெண்களுக்கு நேர்வது, விரல்விட்டு எண்ணத்தக்க கயவர் சிலரின் செயலாக இருத்தல் அரிது. நாடோறும் எம்மோடு பஸ் ஏறி இறங்குவோரே அதனைச் செய்கின்றனர். அவர்களையும் ஒரு தாய் பெற்றாள். ஒரு தந்தை தோளிற் சுமந்து கோயில் திருவிழாக் காட்டினார். ஆகவே முதலாவது அச்சம் வீணானதன்று. அஃது இன்னும் பல வீடுகளில் இருக்கவேண்டிய அச்சம் என்றே நாம் கூறுவோம்.

இனி இரண்டாவது. சட்டங்கள் யாவும் பெண்களின் பக்கமே என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பாலியல் தொந்தரவை அதிலே குற்றமாகச் சேர்த்தபோது, ‘பெண்ணுக்கு’ என்று கூறவில்லை. ‘இன்னொருவருக்கு’ என்றே கூறியது. பஸ்ஸிலோ வேலைத்தலத்திலோ உங்கள் மகனுக்கு அத்தொல்லை நேரினும் அதே சட்டம் அவனுக்கு அரணாகும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் ஆண் பெண் என்று பிரித்துப் பேசவில்லை.

பொய்ப்பழி விழுந்தால் என் செய்வது என்பார்க்கு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை விடை தருகின்றது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே. 2015ஆம் ஆண்டு மே மாதத்திலே புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலே மூன்று நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்தனர். எதிரிகள் ஒன்பதின்மருள் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, இருவர் விடுதலையாயினர். அத்துணைப் பெரிய கோபத்தின் நடுவிலும் நீதிமன்று ஒவ்வொருவனையும் தனித்தனியே நிறுத்தி அளந்தது என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. வழக்கும் விசாரணையும் குற்றமற்றவனையும் வருத்தும் என்பது மெய்யே. எனினும் பெண்கள் வாய் மூடியிருந்தாற்றான் எம் மகனுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவது, பிறர் பிள்ளையின் துன்பத்தை எம் பிள்ளைக்கு வேலியாக்குவதாகும்.

பெண்ணுரிமை என்பது ஆண்பிள்ளைகளின் மீது தொடுக்கப்பட்ட போருமன்று. 1931ஆம் ஆண்டிலே இந்நாட்டுப் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாக்குரிமை பெற்றனர். அதனால் எந்த ஆணும் தன் வாக்கை இழக்கவில்லை. இன்று எமது பல்கலைக்கழகங்களிற் பயில்வோருள் பெண்களே கூடுதலானோர். அவர்கள் படிப்பதனால் ஆண்பிள்ளைகள் பின்னடைந்தாரல்லர். ஆண்பிள்ளைகள் பின்னடைவதற்கான காரணங்களைத் தனியே தேடவேண்டும். தேட நாம் தவறினால், தேடிக் கொடுப்போர் வேறிடத்தில் இருக்கின்றனர். சோர்ந்த பையனிடம், “உன் தாழ்வுக்குப் பெண்களே காரணம்” என்று ஓதும் போலிக் குருமார் கைத்தொலைபேசியின் உள்ளே காத்திருக்கின்றனர்.

இக்கவலை எம்முடையது மாத்திரமன்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த ‘அடொலசன்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடர், மாணவி ஒருத்தியைக் கொன்றதாகக் கைதுசெய்யப்படும் 13 வயதுப் பையன் ஒருவனின் கதையாகும். பிரித்தானியப் பெற்றோரும் ஆசிரியரும் பாராளுமன்றத்தினரும் அதனைப் பற்றிப் பேசினர். கதையிலே அவன் ஊர்சுற்றியாய் வளர்ந்தவனல்லன். வீட்டிலே தன் அறையிலே இருந்தான். ஆகையாற் பத்திரமாக இருக்கின்றான் எனப் பெற்றோர் நம்பினர். படலையை மாத்திரம் காத்துக்கொண்டிருக்கும் எமக்கும் அஃதொரு பாடம்.

எமது பழைய நூலொன்றும் இதையே வேறு வகையிற் கூறுகின்றது. மணிமேகலையை விடாது தொடர்ந்த சோழ இளவரசன் உதயகுமரன், காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளுக்கு இரையாகின்றான். நடந்தவற்றை முனிவர் வாயிலாகக் கேட்ட அரசன், தான் செய்யவேண்டியதை விஞ்சையன் செய்துவிட்டான் என்கிறான். அரசியோ மகனை இழந்த துயரால், குற்றமற்ற மணிமேகலையைத் தன்னிடம் கொணர்வித்து, வஞ்சகமாகப் பல துன்பங்கள் செய்கின்றாள். ஈற்றில் தன் பிழையை உணர்ந்து அவளையே வணங்குகின்றாள். தந்தை நீதிமானென்றும் தாய் பாசத்தாற் கண்ணிழந்தாளென்றும் நாம் வகுப்பிலே பாடம் சொல்வதுண்டு. ஆனால், மைந்தன் உயிரோடு திரிந்த நாளிலே இருவருள் எவரேனும் அவனை அழைத்து, “நீ எங்கே போகின்றாய்? அவள் விரும்பவில்லையே, ஏன் தொடர்கின்றாய்?” என்று கேட்டனரா? அரசனின் நீதியும் அரசியின் கண்ணீரும் மகன் மாண்ட பின்னரே வந்தன.

எம் வீடுகளிலும் அக்கேள்வி மகளிடமே கேட்கப்படுகின்றது. ரியூசன் முடிந்து கால்மணி நேரம் பிந்தினால் அவள் விளக்கம் கூறவேண்டும்; ஒன்பது மணிக்கு வரும் தமையனுக்கோ சோற்றுக் கோப்பை மூடிவைக்கப்பட்டிருக்கும். கேள்வி கேட்கப்படாமலே வளர்ந்தவனுக்குப் பிற்காலத்தில் ஒரு பெண்ணின் மறுப்பும், ஓர் ஆசிரியரின் கண்டிப்பும், ஒரு சட்டத்தின் தடையும் அவமானமாகவே தோன்றும். ‘மாட்டேன்’ என்ற சொல்லைக் கேட்டு அமைதியாகத் திரும்பும் பழக்கம் இருபது வயதில் வருவதன்று. தங்கை தன் பொருளைத் தர மறுக்கும்போது, “அவன் ஆண்பிள்ளை, கொடு” என்னாது, “அவள் வேண்டாமென்றால் விட்டுவிடு” என்று தாய் சொல்லும் வீட்டிலே ஐந்து வயதில் வருவது.

அடுப்படியும் ஒரு பள்ளிக்கூடமே. உண்ட கோப்பையைக் கழுவும் மகன், தனக்காக ஒருவர் உழைக்கின்றார் என்பதை அறிவான். தந்தை தாயை எப்படி அழைக்கின்றார், அவள் கருத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கின்றார் என்பதும் மகனுக்கு நாள்தோறும் நடக்கும் பாடம். போரினாலும் வெளிநாட்டு உழைப்பினாலும் தந்தையரின்றித் தாய்மாரே தாங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அத்தாய்மார், உள்ள ஒரு பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று அவன் கேட்டதெல்லாம் கொடுப்பதுண்டு. அவர்களின் துயரை நாம் அறிவோம். ஆயினும் கண்டிப்பு அன்புக்குப் பகையன்று என்பதை மாத்திரம் பணிந்து கூறுவோம். மாமனாரோ சிற்றப்பனாரோ அயலிலுள்ள நல்லாசிரியரோ அவ்விடத்தில் தோள் கொடுத்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மகனும் துன்பப்படுகின்றான். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இழிவுபடுத்தப்படும் பையன்கள் இன்றும் அதனை வீட்டிற் சொல்வது அரிது. “பெட்டை மாதிரி அழாதே” என்று சிறுவயதிலே வாயடைத்துவிட்டோமல்லவா? அச்சொல் அவன் கண்ணீரையும் அடக்குகின்றது. பெண் என்றாற் தாழ்வு என்ற எண்ணத்தையும் விதைக்கின்றது. தன் நோவைச் சொல்ல இடமற்றவன் பிறர் நோவை எவ்வாறு உணர்வான்?

ஆகவே பெற்றோரே, மகன் இன்றிரவு வீடு திரும்பும்போது, மகளிடம் கேட்கும் அதே குரலில், “எங்கே போனாய், யாரோடு இருந்தாய்?” என்று கேளுங்கள். முதல் நாள் அவன் சினப்பான். இரண்டாம் நாள் முணுமுணுப்பான். மறுமொழி சொல்லத் தொடங்கும் நாளிலே குறுக்கிடாது முழுவதையும் கேளுங்கள். அன்று அவன் சொல்வது உங்களுக்கு உவப்பில்லாததாயும் இருக்கலாம். ஆயினும் அவன் அதனை உங்களிடம் சொல்லுகின்றானே, அந்தப் பேச்சை அறுந்துபோகாமற் காப்பதே பெற்றோர் கடன்.