பத்துப் படத்தில் நம்ம படம் எங்கே?

டுரியானுக்குப் பருவம் இருப்பதுபோல் மெர்சிங்கில் சினிமா சண்டைக்கும் ஒரு பருவம் உண்டு. தீபாவளிப் படங்கள் வரும்போது தொடங்கும், தைப்பூசம் முடிந்ததும் மெல்ல அடங்கும். இதற்குக் காரணம் கோடம்பாக்கம் இல்லை, வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பரில் கடல் முரண்டு பிடிக்க ஆரம்பித்தால் தியோமானுக்குப் போகும் படகுகள் குறையும், பிறகு நின்றே போகும். ஜெட்டியை நம்பிப் பிழைப்பவர்கள் கையில் பிப்ரவரி வரை நேரம் நிறைய, காசு கொஞ்சம். வெளியே மழை கொட்டும். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். சினிமா பேச வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?

இந்தப் பருவத்துக்குக் கூடுதல் தீனியும் கிடைத்தது. பொங்கலுக்கு வருவதாக இருந்த அஜித்தின் 'விடாமுயற்சி' தள்ளிப்போனது. 2013 பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய சுந்தர்.சி.யின் 'மத கஜ ராஜா', பன்னிரண்டு வருடம் கழித்து 2025 பொங்கலுக்கு வந்து சிரிக்க வைத்தது. "அப்படின்னா இதை எந்தப் பத்து வருஷத்துல சேர்ப்பீங்க?" என்று ஜெட்டியில் டிக்கெட் எழுதும் தம்பி கேட்டான். அங்கே பிடித்தது வினை. 2015 தொடங்கி 2024 வரை, பத்து வருடத்துக்குப் பத்துப் படம். பட்டியல் போட்டே தீருவது என்று உட்கார்ந்துவிட்டோம்.

மேசையைச் சுற்றி ஏழு பேர். ஜெட்டி தம்பி, தமிழ்ப்பள்ளி வாத்தியார் அண்ணன், சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்க்கும் அக்கா, வங்கியில் வேலை செய்யும் புதுமணத் தம்பதி, பால்மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டி, இப்போது ஓய்வில் இருக்கும் மாமா, அப்புறம் நான். இந்த ஏழு பேரும் ஒரே நாளில் சேர்வதே இப்போதுதான் சாத்தியமாகியிருக்கிறது. 2014-இல் இருந்து ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. அக்கா ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் வேலை நாளாக இருந்தது. 2025 ஜனவரி முதல் தேதி ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியதில் வேறு யாருக்கு என்ன லாபமோ, எங்கள் சினிமா சபைக்கு ஒரு உறுப்பினர் முழுசாகக் கிடைத்தார்.

நான் ஒரே ஒரு விதி போட்டேன். படத்தின் பெயரைச் சொன்னால் போதாது, அதை எங்கே, யாரோடு பார்த்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். வானொலிப் பழக்கம்தான். பாட்டு கேட்டு அழைக்கும் நேயரிடம் "எங்கிருந்து பேசுறீங்க?" என்று கேட்காமல் எனக்குப் பாட்டுப் போட வராது.

அந்த விதி பேச்சின் திசையையே மாற்றிவிட்டது. இல்லாவிட்டால் வழக்கம்போல் வசூல், மதிப்பெண், எந்த நடிகருக்கு எத்தனை வெற்றி என்று கணக்குப் பாடமாக முடிந்திருக்கும்.

தம்பி 'கைதி' என்றான். 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்த அதே நாளில் வந்த படம். கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. இதெல்லாம் எல்லாரும் சொல்வது. தம்பி சொன்னது வேறு. இவனும் நண்பர்களும் குளுவாங்கில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு காஹாங் வழியாகத் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் செம்பனையும் காடும், விளக்கில்லாத ரோடு, யானை குறுக்கே வந்தாலும் வரலாம் என்ற பயம். முன்னால் ஒரு லாரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, காடிக்குள்ள அஞ்சு பேரும் வாயைத் திறக்கல. படம் முடிஞ்ச மாதிரியே இல்ல" என்றான். இதற்கு மேல் 'கைதி'க்கு என்ன விமர்சனம் எழுதுவது? ஓட்டே இல்லாமல் பட்டியலில் ஏறியது.

தாதி அக்கா 'சார்பட்டா பரம்பரை' சொன்னபோது வாத்தியார் அண்ணன் ஆச்சரியப்பட்டார். "குத்துச்சண்டை பார்ப்பியா நீ?" அக்கா சிரிக்கவில்லை. 2021 ஜூலையில் அந்தப் படம் நேராக அமேசானில் வந்தது. அப்போது எல்லை மூடிக் கிடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த ஆயிரக்கணக்கான மலேசியர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் இருந்தார்கள், அக்காவும்தான். அவர் அங்கே வாடகை அறையில் கைப்பேசியில் பார்க்க, மகன் இங்கே மெர்சிங்கில் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க, இரண்டு பேரும் தொலைபேசியில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணி ஒரே நேரத்தில் அழுத்தினார்களாம். நடுவில் இணையம் தடங்கினால் மகன் நிறுத்திவிட்டுக் காத்திருப்பானாம். டான்சிங் ரோஸ் ஆடிக்கொண்டே அடிக்கும் அந்தச் சண்டையை மட்டும் மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். 'சூரரைப் போற்று', 'ஜெய் பீம்' எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் வந்த படங்கள். திரையரங்கில் பார்க்காத படத்தைச் சேர்க்கலாமா என்று ஒரு வாதம் எழும்பப் பார்த்தது. அக்கா கதையைக் கேட்டபின் எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

வங்கித் தம்பதியில் கணவர் '96', மனைவி 'மெய்யழகன்'. இரண்டுமே பிரேம்குமார் படம் என்பதால் வீட்டுக்குள் சண்டை இல்லை. '96'-இல் ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள், சிங்கப்பூருக்கே திரும்புகிறாள். அதனால் அது பாதி ஜொகூர் படம் என்று கணவர் உரிமை கொண்டாடியது கொஞ்சம் அதிகம்தான். 'மெய்யழகன்' வந்த சில நாளிலேயே நீளம் என்று பதினெட்டு நிமிடம்போல வெட்டினார்கள். வெட்டியது சரியா என்பதில் மட்டும் இருபது நிமிடம் போனது.

நிஜமான சண்டை 'பரியேறும் பெருமாள்' பெயரை நான் சொன்னபோது தொடங்கியது. மாரி செல்வராஜின் முதல் படம், 2018. கடைசியில் வரும் அந்த இரண்டு தேநீர்க் குவளைகள் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் பால் கலந்தது, ஒன்றில் கலக்காதது, நடுவில் ஒரு பூ. எங்கள் மேசையிலும் ஒரு தே தாரிக், ஒரு தே ஓ அருகருகே இருந்தன. தம்பி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். வாத்தியார் அண்ணன் சொன்னார்: "நல்ல படம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அது திருநெல்வேலி கதை. நம்ம நாட்டுல இந்தச் சாதி சமாச்சாரமெல்லாம் இல்ல. எதுக்கு நாம அதைத் தூக்கிச் சுமக்கணும்?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "இல்லலா அண்ணே. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப, மூணாவது கேள்வியே அதுதான். அந்தக் கேள்வியை நம்ம தாத்தா கப்பல்லயே கொண்டு வந்துட்டாங்க."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். வாத்தியார் அண்ணன் நல்ல மனிதர். அவர் மறுக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். படம் பட்டியலில் ஏறியது.

இப்படி ஒவ்வொன்றாக ஏறி, 'விசாரணை', 'காக்கா முட்டை', 'கடைசி விவசாயி' என்று ஒன்பது பெயர் சேர்ந்தன. 'கடைசி விவசாயி'க்காக மாமா மன்றாடினார். அதில் மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி நடிகர் இல்லை, நிஜ விவசாயி. படம் திரைக்கு வருமுன்பே காலமாகிவிட்டார். மண்ணில் கை வைத்தவர்களுக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரியும் போல.

பத்தாவது இடத்துக்கு 'விக்ரம்' வேண்டும், 'பொன்னியின் செல்வன்' வேண்டும் என்று இளசுகள் இழுத்துக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார்: "எல்லாம் சரி. ஒன்பது எழுதிட்டீங்க. நம்ம படம் எங்க?"

"நல்லா இருந்தா சேர்த்திருப்போம்ல மாமா" என்றான் தம்பி, வெடுக்கென்று.

மாமா சொன்னது 'ஜகாட்' படத்தை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பர் 17-ஆம் தேதி திரைக்கு வந்தது. மலாய்ச் சொல்லான 'ஜஹாட்' நம் தோட்டத்து வாயில் தேய்ந்து 'ஜகாட்' ஆகியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் புறம்போக்கு வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் கதை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடப்பது. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். எப்படியாவது அவனைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா. குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மீது பையனுக்கு ஒரு மயக்கம். இவ்வளவுதான் கதை.

2016-இல் 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று முதலில் அறிவித்தார்கள். 'ஜகாட்' படமும் 'ஓலா போலா' படமும் அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டன. நாடே கொதித்தது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தான் வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுக்கப் போனார். நடிகர் அப்லின் ஷௌகி விழாவைப் புறக்கணித்தார். இருவரும் தமிழர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசியில் விதி மாறியது, எல்லா மொழிப் படங்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. சிறந்த மலேசியத் திரைப்படம் என்று 'ஜகாட்' பெயரை வாசித்தார்கள்.

ஒரு தமிழ்ப் படம் நாட்டின் பட்டியலில் இடம்பெறலாமா என்று நாடு சண்டை போட்டு, இடம் கொடுத்து, முதலிடமும் கொடுத்துவிட்டது. மெர்சிங்கில் ஏழு தமிழர்கள் உட்கார்ந்து போட்ட பட்டியலில் அது இல்லை.

வாத்தியார் அண்ணனுக்கு வேறு வருத்தம். நம் பிள்ளைகளைக் குண்டர்களாகக் காட்டுவதை எத்தனை நாள்தான் ரசிப்பது என்றார். வகுப்பறையில் அந்தப் பையன்களைத் தினமும் பார்க்கிறவர். "கபாலியும் அப்படித்தான், ஜகாட்டும் அப்படித்தான்" என்றார். நியாயமான கவலைதான். 'ஜகாட்' வந்து ஏழு மாதத்தில், 2016 ஜூலையில், அதே தோட்டத்து மக்கள், அதே குண்டர் உலகம் என்று 'கபாலி' வந்தது. மலாய் மொழியிலும் பேசியது. சென்னையில் துப்பாக்கிச் சத்தத்தோடு மொட்டையாக முடிந்த படம், இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்ற எழுத்தோடு முடிந்தது. வாத்தியார் அண்ணனுக்கு அந்த முடிவுதான் பிடித்திருந்தது.

மாமா விடவில்லை. "கபாலியில சுடறது ரஜினி. அதனால விசில் அடிச்சோம். ஜகாட்ல அடி வாங்குறது நம்ம வீட்டுப் பையன். அதைத்தான் நம்மால பார்க்க முடியல."

நான் மாமா பக்கம். கோட் போட்ட குண்டரைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகலாம் என்று பயந்தால் பயப்படுங்கள். ஆனால் அப்போய் எப்படி அந்தப் பக்கம் நகர்கிறான், எந்த அடி அவனைத் தள்ளிவிட்டது என்று காட்டும் படத்தைப் பெற்றோரும் ஆசிரியர்களும்தான் முதலில் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்த் தெருவும் வடசென்னைச் சந்தும் நமக்கு மனப்பாடம். நம் தாத்தா பாட்டி இறக்கிவிடப்பட்ட புறம்போக்கு வீட்டைத் திரையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

உள்ளூர்ப் படம் என்பதற்காகத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. நாடக மேடையில் பேசுவதுபோல் வசனம் பேசும் உள்ளூர்ப் படங்களைப் பார்த்து நானும் நெளிந்திருக்கிறேன். ஆனால் விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' 2018-இல் கூட்டத்தை இழுத்தது. அதுவரை வந்த மலேசியத் தமிழ்ப் படங்களில் வசூலில் முதலிடம் பிடித்தது. கார்த்திக் ஷாமளனின் 'என் வீட்டுத் தோட்டத்தில்', ஷாலினி பாலசுந்தரத்தின் 'கீதையின் ராதை' என்று பேச வேண்டியவை இருக்கின்றன. எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்கு உள்ள சிக்கல் தூரம். ரஜினி படம் என்றால் எந்த வாரம் போனாலும் குளுவாங்கில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளூர்ப் படத்துக்கு நாங்கள் நாள் பார்த்து, காடிக்கு ஆள் சேர்த்து, கிளம்புவதற்குள் படம் மாறியிருக்கும்.

"சரி, ஓட்டுக்கு விடுவோம். ஜகாட் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றேன். மாமா, அக்கா, நான். தம்பி கையைத் தூக்கவில்லை. வங்கித் தம்பதியும் தூக்கவில்லை. வாத்தியார் அண்ணன் தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே?"

"டிரெய்லர் பார்த்திருக்கேன்" என்றார்.

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவது இடம் காலியாகவே இருக்கிறது. வரும் சனிக்கிழமை மழையோ வெயிலோ, மாமா வீட்டுக் கூடத்தில் 'ஜகாட்'. முறையாக எங்கே கிடைக்கும் என்று தேடிப் பிடிப்பது தம்பியின் பொறுப்பு, நாசி லெமாக் அக்காவின் பொறுப்பு. வாத்தியார் அண்ணன் ஆறாம் ஆண்டு படிக்கும் தன் மகனையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார்.