10 ரூபாய் கறுப்பு சார்ட் போதும்

பி.காம். படிக்கிறவனுக்கு மீன் தொட்டி விஷயத்துல என்ன கருத்துன்னு கேக்காதீங்க. எங்க வீட்டு ஹால்ல ஒரு 2 அடி தொட்டி இருக்கு. சொந்தக்காரி என் தங்கச்சி, ஒன்பதாவது படிக்கிறா. தண்ணி மாத்துறது, கண்ணாடி துடைக்கிறது, வரவு செலவு கணக்கு எல்லாம் என் தலையில. அந்தக் கணக்குல வந்த ஒரு நஷ்டத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

தொட்டிக்குப் பின்னாடி என்ன வைக்கிறது? இதுதான் கேள்வி. ரொம்பச் சின்ன கேள்வி மாதிரி இருக்கும். ஆனா புதுசா தொட்டி வாங்குற எல்லாரும் இதுலதான் முதல்ல காசை விடுறாங்க.

சென்னையில வண்ண மீன்னா கொளத்தூர்தான். அங்க தொட்டி வாங்கினா கூடவே ஒரு போஸ்டர் ரோல்ல இருந்து அடிக் கணக்குல வெட்டித் தருவாங்க. நீலக் கடல், சிவப்புப் பவளப்பாறை, மஞ்சள்ல கடல் மீனு. அதைப் பின்னாடி ஒட்டிட்டு முன்னாடி விடுறது என்ன? கோல்டு ஃபிஷ். கெண்டை வகையறா, சீனாவுல குளத்து மீனை வளர்த்து வளர்த்து உருவாக்கினது. அது பவளப்பாறையைக் கனவுல கூடப் பாத்திருக்காது. நியான் டெட்ரா இருக்கே, அதோட ஊரு அமேசான் பக்கத்து ஓடைகள். காஞ்ச இலை ஊறி ஊறித் தண்ணி டிக்காஷன் கலர்ல இருக்குற இடம். எங்க வீட்டுல இருந்தது மிஸ் கேரளா. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை மீன், வேற எங்கயும் இயற்கையா கிடையாது. அதுக்கும் பின்னாடி அதே நீலக் கடல்தான்!

மீனுக்கு அது கடலா குளமான்னு படம் பாத்துத் தெரியப் போறதில்ல, அது எனக்கும் தெரியும். போஸ்டரோட உண்மையான குறை வேற. கண்ணு மீனைப் பாக்காம படத்தைப் பாக்குது. அஞ்சு நிஜ மீனு, ஐம்பது அச்சடிச்ச மீனு. எங்க வீட்டுக்கு வந்த ஒரு அத்தை "எத்தனை மீனு வெச்சிருக்கீங்க"ன்னு எண்ண ஆரம்பிச்சு போஸ்டர்ல இருந்ததையும் சேர்த்து எண்ணினாங்க :-)

இதைக் கழட்டிட்டு "ஒரிஜினலா" ஏதாவது செய்யலாம்னு எனக்கு ஆசை வந்தது. யூடியூப்ல தேடினா எல்லாரும் தெர்மாகோல்ல பாறை செய்றாங்க. தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, கத்தியால குடைஞ்சு, மேல சிமெண்ட் பால் மூணு நாலு கோட் பூசி, கலர் அடிச்சு தொட்டிக்குள்ள ஒட்டிட்டா மலை ஓடை மாதிரியே இருக்கும். மிஸ் கேரளாவுக்கு அதோட சொந்த ஊரையே கட்டிக் குடுக்கிறோம்னு தங்கச்சிகிட்ட பெருமையா சொன்னேன். அவளும் நம்பினா.

செலவு விவரம்: தெர்மாகோல் 120, சிலிக்கான் டியூப் 250, பெயிண்ட் 180, பிரஷ் 40. ஆக 590 ரூபாய். சிமெண்ட் பக்கத்து வீட்டுல பூச்சு வேலை நடந்ததால இலவசம்.

இப்ப வீடியோவுல சொல்லாத கணக்குக்கு வருவோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம்னா தொட்டியில சுமார் 55 லிட்டர் தண்ணி பிடிக்கும். அதுல 2 அங்குல கனத்துக்குப் பாறை வெச்சா ஆறுல ஒரு பங்கு போச்சு. சுமார் 9 லிட்டர். அஞ்சு மீனுக்கு இடம் பத்துமான்னு ஏற்கெனவே இழுபறியா இருக்குற தொட்டியில 9 லிட்டரை அலங்காரத்துக்குத் தூக்கிக் குடுக்கிறோம். +2 பொருளாதாரத்துல வாய்ப்புச் செலவுன்னு படிச்சோமே, இதுதான் அது.

இன்னொண்ணு, 9 லிட்டர் தண்ணியை ஒதுக்கித் தள்ளுற பொருளை தண்ணி 9 கிலோ கணக்குக்கு மேல தள்ளும். தெர்மாகோலோட சொந்த எடை சில நூறு கிராம் கூட வராது. மேல பூசின சிமெண்ட் ஒண்ணு ரெண்டு கிலோன்னு வெச்சுக்கிட்டாலும் மிச்சம் அத்தனை கிலோவையும் சிலிக்கான்தான் பிடிச்சு நிக்கணும். 2017-ல வைகை அணையில தெர்மாகோல் மிதந்து கரை ஒதுங்கினதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவன் நான். அதையே வீட்டு ஹால்ல செஞ்சு பாத்தேன். தண்ணி நிரப்பின அன்னிக்கு ராத்திரி 'டப்'புனு ஒரு சத்தம். போய்ப் பாத்தா பாறை மேல வந்து மூடியைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

அங்கேயே விட்டிருக்கணும். ஆனா 590 ரூபாய் செலவு பண்ணியாச்சே! செஞ்ச செலவு திரும்ப வராது, அதை வெச்சு அடுத்த முடிவை எடுக்காதேன்னு காஸ்டிங் வகுப்புல படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். இருந்தாலும் இன்னும் நிறைய சிலிக்கான் வெச்சு மறுபடி ஒட்டினேன். ஒட்டி முடிச்சு, தொட்டியைச் சுத்தமா கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணியில பளிச்சுனு அலசி, வாளியில இருந்த மீனைத் திரும்ப விட்டேன்.

நாலாவது நாள் காலையில ரெண்டு மிதந்தது. சாயங்காலம் காலேஜ் விட்டு வர்றதுக்குள்ள மிச்ச மூணும். தங்கச்சி ஸ்கூல் யூனிஃபார்மோட தொட்டி முன்னாடி உக்காந்திருந்தா. திட்டல, ஒண்ணும் சொல்லல. தீபாவளிக்குக் கிடைச்ச காசை எடுத்து வெச்சு அவளே வாங்கின மீனு அது. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியல்ல அழியும் ஆபத்துல இருக்குற இனம்னு அதுக்கப்புறம்தான் படிச்சேன். (பண்ணையில வளர்த்ததான்னு கேட்டு வாங்குங்க. காட்டு ஓடையில பிடிச்சு வித்ததும் அது குறைஞ்சதுக்கு ஒரு காரணம்.)

தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சொட்டு மருந்து விட்டு பி.ஹெச். பாத்தாரு. கலர் அட்டையோட கடைசிக் கட்டத்துக்குப் போயிடுச்சு. "சிமெண்ட்டை எத்தனை நாள் ஊற வெச்ச தம்பி?"

"ரெண்டு நாள் அண்ணே."

"வாரக் கணக்குல ஊறணும்டா. தண்ணி மாத்தி மாத்தி."

புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு இறங்கிக்கிட்டே இருக்கும், பி.ஹெச். ஏறிக்கிட்டே போகும். பழி முழுக்க சிமெண்ட் மேலயும் போட முடியாது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில அலசினப்போ அதுல குடியிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்னுட்டேன். மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைச் சாப்பிடுறது அதுங்கதான். பி.ஹெச். குறைவா இருந்தா அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமா மாறி அவ்வளவா தொந்தரவு பண்ணாது. பி.ஹெச். ஏற ஏற அது விஷமா திரும்பும். ரெண்டு தப்பும் கை கோத்துக்கிச்சு.

தெர்மாகோல் பாறையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. பொறுமையா ஊற வெச்சு, பூஞ்சை மருந்து கலக்காத சிலிக்கானைத் தேடி வாங்கி அருமையா செஞ்சவங்க இருக்காங்க. 4 அடி, 5 அடி தொட்டியில அது அழகுதான். ஆனா "கம்மி செலவு"ன்னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, அதைத்தான் ஒத்துக்க மாட்டேன். அது கம்மி செலவு இல்ல.

கம்மி செலவுன்னா கறுப்பு சார்ட் பேப்பர். ஸ்டேஷனரி கடையில 10 ரூபாய்க்கு வாங்கினேன். 2 அடி தொட்டிக்கு ஒரு ஷீட்டே போதும், மிச்சமும் ஆகும். பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியில நாலு ஓரமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டணும், அவ்வளவுதான். தொட்டிக்குள்ள எதுவும் போகாது, தண்ணி அளவு குறையாது, பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுடலாம்.

வெறும் சிக்கனத்துக்காகச் சொல்லல. மீன் தோல்ல இருக்குற நிறச் செல்கள் சுத்தி இருக்குற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி விரியும், சுருங்கும். வெள்ளைச் சுவர், வெள்ளை மணல்னா பல மீனுங்க வெளுத்துப் போகும். இருட்டான பின்புலம்னா கொஞ்ச நாள்ல நிறம் ஏறும். அதோட எங்க தொட்டிக்குப் பின்னாடிதான் சமையலறைக்குப் போற வழி. ஒவ்வொரு தடவை அம்மா நடக்கும்போதும் மீனு சிதறி ஓடும். சார்ட் ஒட்டினதும் அது நின்னுச்சு. ஃபில்டர் ஒயரும் குழாயும் கூட கண்ணுல படல.

சார்ட்டுக்கு ஒரு குறை உண்டு. தண்ணி சிந்தினா ஊறி நெளியும். அதுக்கு ஃப்ளெக்ஸ் கடையில வெட்டி மிச்சம் விழுந்த துண்டைக் கேட்டுப் பாருங்க. சில ரகம் ஃப்ளெக்ஸுக்குப் பின்பக்கம் நல்ல கறுப்பு. தெரிஞ்ச கடைன்னா சும்மாவே தருவாங்க. கறுப்புப் பக்கம் கண்ணாடியைப் பாத்து இருக்கட்டும், மாத்தி ஒட்டிட்டா யாரோட பூப்புனித நீராட்டு விழாவோ தொட்டிக்குள்ள நடக்கும். ஃப்ளெக்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து நின்னா வெள்ளி மாதிரி பளபளக்கும், கறுப்பு கறுப்பா தெரியாது. மெடிக்கல் ஷாப்ல சின்ன பாட்டில் கிளிசரின் வாங்கி, கண்ணாடியில மெல்லிசா தடவி, ஃப்ளெக்ஸை வெச்சு பழைய ஏ.டி.எம். கார்டால காத்தை வழிச்சு விட்டா ஒட்டிக்கும். சமையல் எண்ணெயும் ஒட்டும்தான். நான் அதைத்தான் முதல்ல தடவினேன், வீட்டுல உள்ள எறும்பெல்லாம் விருந்துக்கு வந்துடுச்சு.

தொட்டி காலியா இருக்கும்போதே முடிவு பண்ணிட்டீங்கன்னா நேரா வெளிப்பக்கம் கறுப்பு பெயிண்ட் ரெண்டு மூணு கோட் அடிச்சிடுறது இன்னும் நல்லது. காத்து இடைவெளிப் பிரச்சினையே வராது, பின்னாடி வேண்டாம்னா பிளேடால சுரண்டிடலாம். உள்ள மட்டும் அடிச்சிடாதீங்க.

எங்க தொட்டியில இப்ப ஃப்ளெக்ஸ் துண்டு. ரெண்டு மாசம் மீனே விடாம வெறும் வாலிஸ்நேரியா செடி மட்டும் வளத்தோம். அப்புறம் அவளே கொளத்தூர் வந்து நாலு மிஸ் கேரளா பொறுக்கினா, பண்ணை மீன்தானான்னு கடைக்காரரை மூணு தடவை கேட்டுட்டு. தண்ணியை மாத்தும்போது இப்பல்லாம் பக்கத்துல நின்னு நான் என்ன பண்றேன்னு பாத்துக்கிட்டே இருக்கா. தெர்மாகோல் பாறை மொட்டை மாடியில கிடக்கு. போன மழையில நல்லா ஊறியிருக்கும்.